அக்கரைக்கு எட்டும் துப்பாக்கி

ஆறுச்சாமியை மிதித்துக் கொன்ற பதினோராம் நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, அந்த யானை சாரப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கரட்டின் மொட்டைப் பாறைமேல் வந்து நின்று, ஆறுச்சாமியின் குரலில், "தெய்வா, மோட்டாரை நிறுத்துனியா?" என்று கேட்டது.

தெய்வாத்தாள் அப்போது மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அதே நேரத்தில் அதே கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய், மனசு விழித்துக்கொள்வதற்கு முன்பே, "நிறுத்தியாச்சுங் மாமா" என்று கத்திவிட்டது. அதற்கப்புறம்தான் அவள் கையிலிருந்த களைக்கொத்து கீழே விழுந்தது. பக்கத்துக் காட்டில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த நாலு பேருக்கும் அந்தக் குரல் கேட்டது. செத்துப்போன ஆறுச்சாமி புகையிலை அடக்கிய வாயோடு பேசுவதுபோல், கொஞ்சம் குழறலோடு, ஒரு மைல் தூரத்திலிருந்து அத்தனை தெளிவாகக் கேட்டது.

குத்துக்கல்மேட்டில் மொத்தம் நாற்பது வீடு. ஊரின் மேற்குக் கடைசியில் நிலம் சட்டென்று அறுந்து சாரப்பள்ளமாக இறங்கும். பள்ளத்துக்கு அக்கரையில் வெள்ளைக்கரடு. பார்வைக்கு ஒரு மைல்தான், ஆனால் இறங்கி ஏறுவதென்றால் அரைநாள் ஆகும், அதற்கும் தடமென்று ஒன்று ஒழுங்காகக் கிடையாது. மறுநாள் நாலு மணிக்கு நாற்பது வீடும் பள்ளத்து விளிம்பில் வந்து நின்றது. பூசாரி கற்பூரம் கொளுத்தி, வேப்பிலையும் திருநீறுமாகக் கரட்டைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தபோது, யானை பாறைமேல் ஏறி நின்று, "ஏனுங் பூசாரி, உங்க எருமை கன்னு போட்டுருச்சுங்களா?" என்று கேட்டது. முதலில் ஒரு பெண்பிள்ளை சிரித்தாள், பிறகு ஊரே சிரித்தது, பூசாரியும் சிரித்துக்கொண்டே "கெடேரிக் கன்னு சாமி" என்றார். அந்தச் சிரிப்போடு பயம் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும் என்று பின்னால் பல பேர் சொன்னார்கள்.

ஏனென்றால் அடுத்த மாதமே யானை கீழே இறங்கி வந்து பால் சொசைட்டி மாரியண்ணனை அவருடைய சைக்கிளோடு சேர்த்து நசுக்கியது. அதிலிருந்து பதினோராம் நாள் கரட்டிலிருந்து, "பால் ஊத்தறவங்க வரலாம்" என்ற குரலும் வந்தது. மழைக்காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரைச் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் அடித்தது. உயிரோடிருந்தபோது வாய்க்கால் தகராறில் ஏழு வருஷம் பேசாமல் இருந்த அந்த இருவரும் ஒரே வாயிலிருந்து மாறி மாறிப் பேசினார்கள். தையில், சுண்டைக்காய் பறிக்கப் போன பவளக்கொடியைத் தூக்கிப் பாறையில் அடித்தது. அவளுக்குப் பத்தொன்பது வயசு, கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தது.

ஒவ்வொரு சாவுக்கும் ஊர் அழுதது, சடங்கு செய்தது, பிறகு நாலு மணிக்குப் பள்ளத்து விளிம்புக்குப் போனது. கரடு பேசுகிற நேரம் என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. டீக்கடைக்காரர் பாய்லரைத் தள்ளுவண்டியில் ஏற்றி விளிம்புக்கே கொண்டுவந்தார். நாலரை மணி பஸ் ஐந்து மணி பஸ்ஸாக மாறியது, ஏனென்றால் டிரைவரின் பெரியம்மா மகன்தான் மாரியண்ணன். கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள் வெற்றிலை பாக்குத் தட்டோடு விளிம்பில் நின்று கரட்டைப் பார்த்தும் ஒரு தடவை அழைத்தார்கள். காட்டிலாகாக்காரர்கள் பட்டாசோடும் தப்பட்டையோடும் இரண்டு முறை வந்தார்கள். கும்கியைக் கொண்டுவரத் தடம் இல்லை, மயக்க ஊசி அத்தனை தூரம் போகாது, எழுதிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் கிளம்பும்போது தயங்கி நின்று, கரட்டைப் பார்த்து ஆறுச்சாமியிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போனார்.

போகப் போகச் சில சங்கதிகள் புரிந்தன. கரட்டுக் குரல்கள் கேட்டால் பதில் சொல்லும். ஆனால் உயிரோடு இருந்த நாள்வரை அறிந்ததைத்தான் சொல்லும். மாரியண்ணனுக்கு அவர் போன பிறகு பேத்தி பிறந்தது; தொட்டில் குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்கள்; "பால் ஊத்தறவங்க வரலாம்" என்றார். எப்படிச் செத்தாய், இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் கரடு மௌனமாகிவிடும். ஆள் பேசிக்கொண்டே இருந்தால் யானை காதைக்கூட ஆட்டாமல் நிற்கும். பேச்சு நின்றால் திரும்பிக் காட்டுக்குள் போய்விடும்.

அது அசையாமல் நிற்கிற இடம் அது ஒன்றுதான். இறங்கி வரும்போது எந்தப் பக்கம் வரும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதை நிறுத்தினார்கள். காடுகளில் மரவள்ளி தோண்ட ஆளில்லாமல் மண்ணுக்குள்ளேயே முற்றிக் கட்டையாயிற்று. அப்போதுதான் அர்த்தநாரி வாயைத் திறந்தார். இருபத்தாறு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, ஒரு காது கேட்காமல் திரும்பி வந்து பட்டுப்பூச்சி வளர்க்கிறவர், அதிகம் பேசாதவர்.

"நம்மகிட்ட இருக்கற நாட்டுத் துப்பாக்கி பாதிப் பள்ளத்துக்குக்கூடப் போகாதுங்க," என்றார் ஊர்க்கூட்டத்தில். "பெரிய தோட்டா போடற ரைஃபிள் இருக்குது. ஒரு மைலுக்கு அங்காலயும் அடிக்கும். இரும்பையே துளைக்கும்னா யானை எந்த மூலைக்கு? ஆனா அது நம்மளப் போல ஆளுங்க கையில இருக்கக் கூடாத சாமான். புடிபட்டா ஊரே உள்ள போகோணும்."

"கெடைக்குமா?" என்று கேட்டார் ஊர்த் தலைவர் பொங்கியண்ணன்.

"மலைக்கு அந்தப் பக்கம் தம்மையான்னு ஒருத்தன் இருக்கறான். இந்த வெள்ளாமை மொத்தத்தையும் கேப்பான்."

வெள்ளாமை போவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, எப்படியும் தோண்ட முடியாத வெள்ளாமைதான். சட்டத்தைப் பற்றியும் ரொம்ப நேரம் பேசவில்லை. கூட்டம் விடியற்காலையில் கூடி உச்சிவரை நடந்தது வேறொன்றைப் பற்றி. சாவு கொடுத்த வீடுகள் எல்லாம் சம்மதித்தால்தான் துப்பாக்கி, ஒரு வீடு மறுத்தாலும் இல்லை என்று பொங்கியண்ணன் முடிவு சொன்னார். மாரியண்ணன் வீடு சரி என்றது. அண்ணன் தம்பி வீடும் சரி என்றது.

"எனக்கு வேண்டாமுங்க," என்றாள் தெய்வாத்தாள்.

"என்ன அம்மிணி, உம்புருசனைக் கொன்ன மிருகம் அது."

"ஆமாங்க, கொன்னுச்சு. இப்ப அவரு அதுக்குள்ளதான் இருக்கறாரு. ஒருக்கா செத்ததைப் பார்த்தாச்சு. இன்னொருக்கா நானே சாகடிக்கச் சொல்றதுங்களா?"

பவளக்கொடியின் தாய் வேலாத்தாள் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே, "எம்புள்ளை தெனமும் சீப்பு எங்கேன்னு கேக்கறா. அவளுக்கு இன்னும் தலை சீவியாகலை. வேண்டாம்," என்றாள்.

அத்தோடு கூட்டம் கலைந்தது. அடுத்த மாதம் மறுபடி கூடி, மறுபடி அதே பதிலோடு கலைந்தது. அந்த இரண்டு பெண்களோடும் ஊர் சண்டை போடவில்லை, தண்ணீர்க் குழாயில் வழிவிட்டது, வழிவிட்டபோது முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைக் கதவுக்குள் பூட்டி வைத்திருக்கிற ஒருத்தி மட்டும், தெய்வாத்தாள் குடத்தைத் தூக்கும்போது, "உனக்கு ஊட்டுக்காரன் குரல் வேணும், அதுக்கு எம்புள்ளைகளைக் காவு குடுக்கோணுமாக்கும்," என்று தன் குடத்திடம் சொல்வதுபோல் சொன்னாள். தெய்வாத்தாளுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே நாலு மணிக்காக எழுந்தாள், நாலு மணிக்காகச் சாப்பிட்டாள்.

அடுத்த வருஷம் மாசியில் ஒரு நாள், வெயில் உச்சியில் நிற்கும்போது, வேலாத்தாள் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, கையில் ஒரு சீப்போடும் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடும் தெய்வாத்தாளின் காட்டு வரப்பு வழியாக நடந்து போனாள்.

"எங்கக்கா, இந்த வெயில்ல?"

"பவளாவுக்குத் தலை சீவி உடோணும்."

வழக்கம்போல விளிம்பில் போய் உட்காரப் போகிறாள் என்று நினைத்துத் தெய்வாத்தாள் குனிந்து களை வெட்டினாள். மூன்று சால் வெட்டி நிமிர்ந்தபோது விளிம்பில் ஆள் இல்லை. பள்ளத்துச் சரிவில், வெகு கீழே, வெளுத்த சேலை ஒன்று செடிகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. தெய்வாத்தாள் கத்தினாள், ஓடினாள், சரிவில் பாதிவரை விழுந்து எழுந்து இறங்கினாள். அவள் குரலைக் கேட்டு ஓடிவந்த ஆண்கள் அவளைத்தான் பிடித்து நிறுத்த முடிந்தது.

எண்ணெய்க் கிண்ணம் மட்டும் கிடைத்தது. பதினோராம் நாள் ஊர் முழுக்க விளிம்புக்கு வந்தது. டீக்கடைக்காரர் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. யானை பாறைமேல் ஏறி நின்றது.

"பவளா, எங்கடி இருக்கறே?" என்றது வேலாத்தாளின் குரல்.

"அம்மா, சீப்பு எங்க வெச்சே?" என்றது பவளக்கொடியின் குரல்.

"பவளா, எங்கடி இருக்கறே?"

"அம்மா, சீப்பு எங்க வெச்சே?"

ஒரே வாயிலிருந்து வந்த இரண்டு குரலுக்கும் ஒன்றையொன்று கேட்கவில்லை. தாய் மகளைத் தேடிக்கொண்டே இருந்தாள், மகள் தாயைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், நடுவில் பால் ஊற்றக் கூப்பிட்டார் மாரியண்ணன், வாய்க்கால் தண்ணியைத் திருப்பியது யாரென்று அண்ணன் கேட்டான், தம்பி கேட்டான், ஒருவருக்கும் ஒருவர் இருப்பது தெரியவில்லை. வெயில் சாயும்வரை அது நடந்தது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தெய்வாத்தாள் விளிம்பின் ஓரம்வரை போய், இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஏனுங் மாமா, உங்க பக்கத்துல ஆரு இருக்கறாங்க?" என்று கேட்டாள்.

கரடு மௌனமானது. வெகுநேரம் கழித்து, "தெய்வா, மோட்டாரை நிறுத்துனியா?" என்று வந்தது. அவள் முதல் தடவையாகப் பதில் சொல்லாமல் திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

மூன்றாம் நாள் தம்மையா ஜீப்பில் வந்தான். அவனை வரச் சொன்னது யாரென்று யாரும் கேட்கவில்லை. காலிச் சாக்குகளுக்கு அடியிலிருந்து, பழைய ஜமுக்காளத்தில் சுற்றிய ஒன்றை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். பிரித்து நிறுத்தியபோது தெய்வாத்தாளின் தோளுயரம் இருந்தது. தோட்டா ஒன்றைப் பொங்கியண்ணன் உள்ளங்கையில் வைத்தான். வெள்ளரிப்பிஞ்சு நீளம், ஆனால் குளிர்ச்சி வேறுமாதிரி. இதைச் சுட்டால் திரும்பக் கேட்க வழியில்லை, வாங்கினால் திரும்பக் கொடுக்கவும் வழியில்லை என்றான் தம்மையா, தன் கன்னடம் கலந்த தமிழில். துப்பாக்கிமேல் இருந்த குழாய்க் கண்ணாடியை மட்டும் கழற்றி நீட்டினான்.

"முதல்ல இதுல நோடுங்க, நல்லாப் பாருங்க. நோடிட்டு, வேணுமா வேண்டாமா சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

நாலு மணிக்கு யானை வந்தது. கண்ணாடி கை மாறிப் போயிற்று. இரண்டு வருஷமாக அது கட்டைவிரல் அளவுக் கறுப்பாகத்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, கீழே வந்தபோதோ யாரும் நின்று பார்த்ததில்லை. கண்ணாடி அதை இழுத்துக்கொண்டுவந்து கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தியது. வாங்கிப் பார்த்தவர்கள் அடுத்தவரிடம் கொடுத்தார்கள். தெய்வாத்தாளின் முறை வந்தது.

அதற்குக் கீழ்த்தாடை இல்லை. இருந்த இடத்தில் கிழிந்த சதையும் காய்ந்த சீழும் தொங்கின, ஈ மொய்த்தது. நாக்கு பாதியாக இருந்தது. விலா எலும்புகளைத் தனித்தனியாக எண்ணலாம். கண்ணிலிருந்து நீர் வழிந்த தடம் கறுப்புக் கோடாகத் துதிக்கைவரை இறங்கியிருந்தது.

அது எப்படி வரும் என்று அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். காட்டுப்பன்றி வெள்ளாமையைத் தோண்டாமலிருக்கப் பழத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வேலியோரம் வைப்பார்கள். அவுட்டுக்காய் என்று பெயர். பன்றி கடித்தால் பன்றியின் வாய் போகும். இரண்டு வருஷத்துக்கு முந்தின சித்திரையில் அந்த நாற்பது வீட்டில் அவுட்டுக்காய் வைக்காத வீடு ஒன்றும் இல்லை. யாருடைய பழம் என்று இப்போதும் யாரும் கேட்கவில்லை.

"அதுக்கு வாயே இல்லீங்களே," என்றார் அர்த்தநாரி. "அதான் நம்ம ஆளுங்க வாயை எடுத்துக்குச்சு."

பொங்கியண்ணன் கடைசியாகப் பார்த்தார். கண்ணாடியைத் தம்மையா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். துப்பாக்கி வேண்டும் என்று இரண்டு கூட்டத்திலும் உரக்கப் பேசியவர் அவர்தான். இப்போது, "போதும், இதைக் கொண்டுபோயிரப்பா. நாம பண்ணின பாவத்துக்கு மேல இன்னொண்ணு வேண்டாம். ஊரைக் காலி பண்ணிட்டுக்கூடப் போயிரலாம்," என்றார். மாரியண்ணன் வீட்டாரும் தலையை ஆட்டினார்கள். தம்மையா ஜமுக்காளத்தைச் சுற்ற ஆரம்பித்தான்.

"வாங்குங்க," என்றாள் தெய்வாத்தாள்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீதான அம்மிணி வேண்டாம்னே?"

"நாந்தானுங்க. நான் வேண்டாம்னதுக்கு வேலாத்தாக்கா போயிட்டாங்க. இன்னிக்கு விட்டுட்டுப் போனா நாளைக்கு எந்த ஆத்தா சீப்போட எறங்குவாளோ. உள்ள இருக்கறவங்களுக்கும் அங்க நல்ல எடமில்லீங்க, பார்த்தாச்சு. அதுக்கும் திங்க வாயில்லை, சாக வழியில்லை. நாமதான் செஞ்சோம். பாவமுன்னு சொல்லிட்டு ஊரை விட்டு ஓடறது சுலுவுங்க. முடிச்சுக் குடுக்கறதுதான் பாரம்." அவள் அர்த்தநாரியைப் பார்த்தாள். "அண்ணா, உங்களால முடியுமா?"

அர்த்தநாரி மரங்களின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். "காத்து நின்னா முடியும். ஆனா ஆராச்சும் பேசிட்டே இருந்தாத்தான் அது அசையாம நிக்கும். நின்னாத்தான் அடிக்க முடியும்," என்றார்.

மறுநாள் காற்று நின்றிருந்தது. மற்றவர்களையெல்லாம் பொங்கியண்ணன் வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டார். விளிம்பில் இரண்டு பேர்தான். அர்த்தநாரி புல்லில் குப்புறப் படுத்து, துப்பாக்கியைக் கல்மேல் தாங்கவைத்து, கண்ணாடிக்குள் கண்ணைக் கொடுத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் தெய்வாத்தாள் நின்றாள்.

"நீங்க பேசிட்டே இருக்கோணும், தங்கச்சி," என்றார் அவர் தலையைத் திருப்பாமல். "பேச்சு நின்னா அது திரும்பிரும். நான் விசையைத் தொட்டதும் குண்டு போய்ச் சேர ரெண்டு எண்ணலாம். அங்கிருந்து குரல் இங்க வந்து சேர அஞ்சு எண்ணோணும். சத்தம் அதுக்குக் கேக்கறதுக்கு முன்னாடியே குண்டு முந்திக்கும். பயப்படாதீங்க."

யானை வந்து பாறைமேல் நின்றது.

"தெய்வா, மோட்டாரை நிறுத்துனியா?"

"நிறுத்தியாச்சுங் மாமா."

"மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?"

"காட்டியாச்சுங். செவலை இப்பெல்லாம் சரியாத் தீனி எடுக்கறதில்லீங். ஓட்டுல இருந்து பல்லி உழுந்து நேத்து சோத்தைக் கொட்டிட்டேன். இன்னிக்கு ராகிக் களி கிண்டி வெச்சிருக்குது. கீரை கடைஞ்சிருக்குது." சொல்ல அடுத்ததைத் தேடினாள். பேச்சு நிற்கக் கூடாது. "மாமா, அன்னிக்குக் காலைல உங்கமேல கோவமா இருந்தேன். எதுக்குக் கோவம்னுகூட இப்ப நெனைவில்லீங். நீங்க போயிட்டு வாறேன்னு சொன்னீங்க. நான் அடுப்பைப் பார்த்துட்டே இருந்தேன், பதில் பேசலை. அது எனக்குத் தொண்டையிலயே நிக்குதுங் மாமா. இப்பச் சொல்றேன். போயிட்டு வாங்க."

அர்த்தநாரி விசையைத் தொட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தெரிந்ததுதான். யானையின் எலும்புகளை மழை முடிந்து காட்டிலாகாக்காரர்கள் கண்டெடுத்தார்கள், விசாரணை வந்தது, நாற்பது வீட்டில் ஒரு வீடும் வாய் திறக்கவில்லை. துப்பாக்கியை அன்றைக்கே பள்ளத்தின் ஆழமான மடுவில் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பஸ் நாலரைக்கே மாறியது. அவுட்டுக்காயைப் பிறகு யாரும் வைக்கவில்லை. பன்றிகள் பாதி மரவள்ளியைத் தின்றன, தின்னட்டும் என்று விட்டார்கள். அர்த்தநாரிக்கு மிச்சமிருந்த ஒரு காதும் அன்றையிலிருந்து கேட்கவில்லை.

ஆனால் அந்தக் கணத்தில் கடைசியாகக் கேட்டதைத் தெய்வாத்தாள் வெகுநாள்வரை யாரிடமும் சொல்லவில்லை. வெடிச் சத்தம் அவள் நெஞ்சில் அறைந்தது. ஒன்று, இரண்டு. அக்கரையில் யானை முன்னங்கால்களை மடக்கி, கும்பிட உட்காருவதுபோல் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, பாறையிலிருந்து மறைந்தது. பாறை வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறும் பாறையிலிருந்து, சாவதற்குமுன் கிளம்பி வழியில் இருந்த குரல், அப்போதுதான் பள்ளத்தைக் கடந்து வந்து சேர்ந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அது அவளிடம் புதிதாக ஒன்றும் கேட்டதில்லை.

"தெய்வா, உம்பக்கத்துல படுத்திருக்கறது ஆரு?"

அவள் புல்லில் கிடந்த மனிதரைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"அர்த்தநாரி அண்ணனுங் மாமா," என்று கத்தினாள். "நாந்தான் வரச் சொன்னேன்."

அஞ்சு எண்ணினாள். இன்னொரு அஞ்சு எண்ணினாள். பொழுது இறங்கி, அர்த்தநாரி எழுந்து வந்து அவள் முழங்கையைத் தொடும்வரை எண்ணிக்கொண்டே நின்றாள்.